கோமதி அக்கா வீட்டில் கேமரா மாற்றிய கதை

தம்பிகளா, "இனி ஏணியில் ஏறினால் இறங்குவது உன் பாடு" என்று என் முழங்கால் கறாராகச் சொல்லிவிட்டதால் தொழிலை விட்டவன் நான். நம்ம ஊரில் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து, "அந்தக் காலத்து அனுபவத்தை எழுதுங்க அண்ணாச்சி" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காலமாம்! ஏதோ நான் பாண்டிய மன்னன் அரண்மனைக்குக் கேமரா மாட்டியவன் மாதிரி. நேற்று வரைக்கும் உங்களோடு டீக்கடையில் நின்று வடை தின்றவன்தானே?

ஆனாலும் ஒன்று உண்மை. பழைய அனலாக் கேமராவில் கை வைக்காதவர்கள் உங்களில் பாதிப் பேர். கருப்பு வயரை வீடு முழுக்க இழுத்து, நுனியைச் சீவி, உள்ளே இருக்கிற செம்பு இழை விரலில் குத்தி ரத்தம் வந்து, அதை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே அடுத்த நுனியைச் சீவுவோம். இவ்வளவு பாடுபட்டு டிவியைப் போட்டால் என்ன தெரியும்? தூறல் விழுகிற மாதிரி ஒரு படம். அதில் ஆள் உண்டு, முகம் கிடையாது. ஆனால் வீட்டுக்காரர்கள் நடையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். "தோளைச் சாச்சுக்கிட்டு வாராரு பாருங்க, அது எங்க சின்ன மாமாதான்" என்பார்கள். கதவைத் திறந்தால் சின்ன மாமாதான் நிற்பார். எனக்கு அந்த மங்கல் படத்தின் மேல் இன்றைக்கும் ஒரு பிரியம் இருக்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் ஒரு டிவி ரிப்பேர்காரர். பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால், "என் பேரை எதுக்குலே இழுக்கே" என்று மேலே இருந்தே திட்டுவார். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் சுவரைப் பார்ப்பேன், கேமராவுக்கு இடம் தேடி. அவர் என் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். "கேமராவ எங்கன வேணும்னாலும் மாட்டலாம்லே. டிவிய எங்கன வைக்கன்னு மொதல்ல கேளு. பாக்கப்போறது யாருன்னு தெரியாம எதுக்குலே ஏணிய விரிக்க?" என்பார். அப்போது எனக்கு அது ஒரு கிழட்டுப் பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

சரி, கதைக்கு வருகிறேன்.

திருவேங்கடம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் கோமதி அக்கா மளிகைக்கடை வைத்திருந்தாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. புருஷன் சங்கரலிங்கம் அண்ணாச்சி தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், சாது. அக்கா அப்படி இல்லை. அவள் வாய்க்குப் பயந்தே அந்தத் தெருவில் கடன் சொல்ல ஆள் கிடையாது. யார் வீட்டில் விருந்தாளி, யார் வீட்டில் சண்டை, யார் பெண்ணை யார் பார்த்துவிட்டுப் போனார்கள், எல்லாம் அக்காவுக்குத் தெரியும். தெருவில் சங்கிலி பறிப்பு ஒன்று நடந்த பிறகு அவள்தான் என்னைக் கூப்பிட்டு நாலு கேமரா போடச் சொன்னாள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய குண்டு டிவி. கள்ளனைப் பிடிக்கிறேன் என்று சொல்லித்தான் வாங்கினாள். பிறகு தெரு மொத்தத்தையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. அண்ணாச்சி கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வெயில் நேரம், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவைத்திருந்தாள். கல்லாவுக்குப் பின்னால் விழுந்தவளை அண்ணாச்சி திரும்பி வந்துதான் பார்த்தார். உயிர் பிழைத்தது பெரிய காரியம். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. வாயில் மிஞ்சியது, பொம்பளைப் பிள்ளைகளை அதட்டிக் கூப்பிடுகிற ஒரே ஒரு சொல்தான்: "ஏட்டி." பசித்தாலும் ஏட்டிதான், வலித்தாலும் ஏட்டிதான், அண்ணாச்சியைக் கூப்பிடுவதும் ஏட்டிதான். "கல்யாணம் முடிஞ்ச நாள்லேர்ந்து என்னைய அப்படிக் கூப்பிடணும்னு அவளுக்கு ஆசை இருந்திருக்கும் போல, இப்பம் நிறைவேறிட்டு" என்று அண்ணாச்சி சொல்லிச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார்.

கடையை மூடினார்கள். குண்டு டிவியை அக்காவின் கட்டிலுக்கு எதிரே கொண்டுபோய் வைத்துக் கொடுத்தேன். அதில் சீரியல் ஓடாது, தெருதான் ஓடும். பூ மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், குப்பைத் தொட்டியை உருட்டுகிற மாடு. அக்கா இடது கையை நீட்டி, "ஏட்டி, ஏட்டி" என்பாள். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "ஆமா, பாக்கியம் மருமக பொறந்த வீட்டுக்குக் கெளம்பிட்டா, பையப் பாத்தியா, சண்டைதான்" என்பார். அக்கா திருப்தியாகத் தலையை ஆட்டுவாள். பாக்கியம் என்பது பக்கத்து வீட்டு அம்மா. பாவம், அவள் வீட்டு விஷயம்தான் அதிகம் ஓடும்.

அவர்கள் மகன் செந்தில் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். ஒரு லீவில் வந்தவன் என்னைக் கூப்பிட்டான். அக்காவை நான் அக்கா என்பதால் அவனுக்கு நான் மாமா.

"மாமா, எல்லாத்தையும் கழத்திட்டு நெட்வொர்க் கேமரா போடுங்க. நான் அங்கன இருந்து போன்ல பாக்கணும். அம்மா கட்டிலுக்கு நேரா ஒண்ணு, தலையத் திருப்புத மாதிரி, மைக்கும் ஸ்பீக்கரும் உள்ளது."

நல்ல பிள்ளை கேட்கிறான். எனக்கும் அதில் தப்பொன்றும் தெரியவில்லை. நான் கேமராக்களோடு போய்ச் சேருவதற்கு முன்பே குண்டு டிவியைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான். புது ரெக்கார்டர் பெட்டியின் வயர் அதில் சேராது, போனில் பார்க்கும்போது டிவி எதற்கு என்று அவன் கணக்கு. வாசலுக்கும் தெருவுக்கும் புதுக் கேமரா மாட்டினேன். சும்மா சொல்லக்கூடாது, படம் கண்ணாடி. எதிர் வீட்டுக் கோலத்தில் புள்ளியை எண்ணலாம். அக்கா கட்டிலுக்கு எதிரே, டிவி இருந்த இடத்துக்கு நேர் மேலே, வெள்ளை உருண்டையாக உள் கேமராவையும் மாட்டினேன். உங்களுக்குத் தெரியும், கேமராவில் ஒட்டியிருக்கிற கியூஆர் கோடை எந்தப் போனில் முதலில் ஸ்கேன் பண்ணுகிறோமோ அந்தப் போன்தான் கேமராவுக்கு முதலாளி. செந்தில் போனில் ஸ்கேன் பண்ணினேன். அவன் திண்டுக்கல் பூட்டை இழுத்துச் சோதிக்கிற மாதிரி, வாசலுக்குப் போய் நின்று போனில் பார்த்தான். உள்ளே கேமரா தானாகத் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தது. "அம்மா! நான் பேசுதது கேக்கா?" என்று அதிலிருந்து சத்தம் வந்தது.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேமராவையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். புதுசு, பழகிவிடும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பழகவில்லை. மறுநாளிலிருந்து அக்கா சாப்பாட்டை மறுத்துவிட்டாள். ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாளாம். டாக்டர் வந்து பார்த்து, பிரஷர் ஏறியிருக்கிறது, மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வாதம் வந்துவிடுமோ என்று செந்திலுக்குக் கை கால் ஓடவில்லை. லீவு வேறு முடியப்போகிறது. அந்த நேரத்தில்தான் எனக்குப் போன் வந்தது.

"மாமா, உள் கேமரா உடைஞ்சுட்டு. வேற ஒண்ணு எடுத்துட்டு வாங்க. கண்டிப்பா இன்னைக்கே மாட்டணும்."

"எப்படிலே உடைஞ்சுது? மூணு நாளைக்கு முன்னாலதானே மாட்டுனேன்?"

"அம்மா டம்ளரத் தூக்கி எறிஞ்சுட்டா" என்றான்.

இடது கையால் எறிந்து, சரியாக அந்த உருண்டையில் பட்டிருக்கிறது! எனக்கு மனசுக்குள் சபாஷ் போடத் தோன்றியது. கடைக்கார கோமதி அக்கா எங்கேயும் போய்விடவில்லை.

புதுக் கேமராவோடு போய் ஏணியை விரித்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். "ஏட்டி" என்றாள், கோபமாக. நான் ஒரு படி ஏறினேன். "ஏட்டி" என்றாள் மறுபடி. இந்தத் தடவை அதில் கோபம் இல்லை, கெஞ்சல். அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி ஏணிக்குப் பக்கத்தில் வந்து, மகனுக்குக் கேட்காதபடி சொன்னார்: "தம்பி, அவளுக்கு ஒடம்பு தொடைச்சு துணி மாத்துததெல்லாம் இங்கன வச்சுத்தான். அந்நேரம் அதுமேல துண்டப் போட்டு மூடிருவேன். ஒருநா மறந்துட்டேன். என்னையப் பிறாண்டிட்டா." கையைக் காட்டினார். நகக்கீறல் இருந்தது.

"செந்தில்ட்ட சொல்லலையா?"

"பெத்த பிள்ளைட்ட இத எப்படிவே சொல்லுவேன்?"

நான் ஏணியிலிருந்து இறங்கினேன். தொழிலில் எத்தனையோ தடவை ஏணியிலிருந்து இறங்கியிருக்கிறேன், வேலையை முடிக்காமல் இறங்கியது அன்றைக்குத்தான்.

"செந்திலு, இங்கன வேண்டாம்யா. என்னால மாட்ட முடியாது."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒங்களால முடியலைன்னா வேற ஆள் பாத்துக்கிடுதேன். ஒங்களுக்கு என்ன தெரியும் மாமா? அம்மா விழுந்த அன்னைக்குப் பழைய பெட்டியில ரெக்கார்டு ஆயிருந்துச்சு. நான் லீவு போட்டு ஓடிவந்து, ஒத்தையில ஒக்காந்து பாத்தேன். மத்தியானம் பூரா அப்படியே கெடக்கா. கைய ஆட்டுதா. ஷட்டருக்கு அந்தப் பக்கம் ஆளு நடந்து போகுது. ஒருத்தருக்கும் தெரியல. நான் அன்னைக்குப் போன்ல பாக்க முடிஞ்சிருந்தா யாரையாவது கூப்பிட்டிருப்பேம்லா?" என்று சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "நான் அங்கன போயி எப்படித் தூங்குவேன்?"

இப்போது சொல்லுங்கள் தம்பிகளா, நீங்கள் என்ன செய்வீர்கள்? இந்தப் பக்கம் அம்மாவின் மானம், அந்தப் பக்கம் மகனின் தூக்கம். இரண்டும் பொய்யில்லை. எந்த வயரை எதில் சொருகவேண்டும் என்று பெட்டியில் வருகிற புத்தகத்தில் இருக்கும். இது இருக்காது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இவ்வளவு பேசுகிறோம், படுத்திருக்கிறவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அம்மாட்ட கேட்டியாலே?"

"அம்மாவுக்குத்தான் பேச்சு வராதே மாமா."

"பேச்சுத்தான் வராது. பதில் வருமே. டம்ளர் வந்துச்சில்லா?"

செந்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். போர்வைக்குள் இருந்தவளிடம், "அம்மா, நான் என்னதாம்மா செய்ய?" என்று கேட்டான். அவன் மடியில் போன் கிடந்தது, அதில் வாசல் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஏதோ பேச்சுச் சத்தம் கேட்டு அக்கா போர்வையை விலக்கினாள். அவள் கண் போனில் விழுந்தது.

அவ்வளவுதான். இடது கை சட்டென்று நீண்டு போனைப் பறித்துவிட்டது. முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு பார்க்கிறாள். கீரைக்காரியிடம் பாக்கியம் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறாள். இத்தனை வருஷமாக மங்கலாகத் தெரிந்த தெரு, இப்போது பாக்கியத்தின் மூக்குத்தி வரைக்கும் தெரிகிறது. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஏட்டி! ஏட்டி!" என்று அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். அண்ணாச்சி குனிந்து பார்த்து, "அட, தலைக்குச் சாயம் போட்டிருக்கா!" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பக்கவாதம் வந்தபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

செந்தில் போனைத் திருப்பி வாங்கப் போனான். அவள் கொடுக்கவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டாள். "தாம்மா, கால் வந்தா எடுக்கணும்" என்கிறான், முறைக்கிறாள். எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவன், டிவி இருந்த காலி இடத்தைப் பார்த்தான். அப்புறம் மேலே, கேமரா இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டையைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"அவ பாத்துக்கிட்டு இருந்ததப் பிடுங்கிட்டு, அவளப் பாக்கதுக்கு ஒண்ண மாட்டிட்டேன், என்ன மாமா?" என்றான்.

அவனுக்கே விளங்கிவிட்டது, புண்ணில் நான் எதற்கு உப்புத் தடவ?

அன்று சாயங்காலமே ஒரு தட்டை டிவி வாங்கிவந்தான். உருண்டைக் கேமரா இருந்த இடத்துக்குக் கீழே அதை மாட்டி, புதுப் பெட்டியை அதில் சேர்த்தேன். செந்திலின் பயத்துக்கும் ஒரு வழி செய்யவேண்டுமே? வீட்டுக்கு வீடு இருக்கிற சாதாரண அழைப்பு மணி ஒன்றை எடுத்து, சுவிட்சை அக்காவின் இடது கைக்கு எட்டுகிற மாதிரி கட்டிலில் கட்டினேன். மணியைப் பாக்கியம் வீட்டு அடுக்களையில் மாட்டினேன். கேமரா ஒன்றைக் குறைத்து அதற்குப் பதில் மணி மாட்டியவன் இந்த ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். முதல் நாள் மணி அடித்ததும் பாக்கியம் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஆபத்தெல்லாம் ஒன்றும் இல்லை. அவளுடைய மருமகள் திரும்பி வருகிறதை டிவியில் பார்த்துவிட்டு, சேதி சொல்லத்தான் அக்கா அழுத்தியிருக்கிறாள். "ஏ பாவி மனுஷி, நான் கொழம்பக் கரிய விட்டுட்டுல்லா வந்திருக்கேன்!" என்று பாக்கியம் திட்டினாள். அன்றைக்கு ராத்திரி அக்கா இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள் என்று அண்ணாச்சி சொன்னார்.

நீங்கள் இப்போது வீடு வீடாகப் போய்ப் பழைய கேமராக்களைக் கழற்றிப் புதுசு மாட்டுகிறீர்கள். நல்ல தொழில், நல்லா இருங்கள். முன்பெல்லாம் படம் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். வீட்டில் இருக்கிறவர்கள் வெளியே பார்த்தார்கள். இப்போது படம் கடல் தாண்டிப் போகிறது, வெளியே இருக்கிறவர்கள் வீட்டைப் பார்க்கிறார்கள். போன் யார் கையில் இருக்கிறதோ அவரைத்தான் வீட்டுக்காரர் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கேமராவுக்கு முன்னால் காலையிலிருந்து ராத்திரி வரை இருக்கப்போகிறவரும் வீட்டுக்காரர்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிரில்லை எடுங்கள். பேச்சு வராதவராக இருந்தாலும் கேளுங்கள்.

செந்தில் ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு, டிவிக்கு ஒரு வயர் மாற்றவேண்டும் என்று என்னை வரச் சொல்லியிருந்தான். மத்தியானம் கார் வந்து நின்றது. முன்பெல்லாம் அக்கா அவனோடு தெருவில் இறங்கி, கார் திரும்புகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே நிற்பாள். படுக்கையில் விழுந்தபிறகு அவன் கிளம்பினாலே, வாசல் வரைக்கும்கூடப் போக முடியவில்லையே என்று அழுவாளாம். அதனால் போனதடவை அவள் தூங்குகிற நேரம் பார்த்துச் சொல்லாமல் போயிருக்கிறான். இந்தத் தடவை கட்டிலில் உட்கார்ந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவள் திருநீறு பூசிவிட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக வெளியே போய்விட்டான்.

நாங்கள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காரில் பெட்டியை வைத்தவன், ஏறாமல் திரும்பி வந்து வாசல் கேமராவுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். டிவி நிறைய அவன் முகம்.

"எம்மா, போயிட்டு வாரேன்" என்றான்.

அக்கா இடது கையைத் தூக்கினாள். அவனுக்கு அது தெரியாது. உள்ளேதான் கேமரா இல்லையே. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், இவன் நகராமல் கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அக்கா கையை இன்னும் மேலே தூக்கி, "ஏட்டி, ஏட்டி" என்று அண்ணாச்சியை விரட்டினாள். அந்தச் சாது மனுஷன் கட்டிலில் இருந்தபடியே தெரு அதிரக் கத்தினார்:

"ஒங்கம்மா கையத் தூக்கிட்டாலே! பாத்துட்டா! நீ கெளம்பு!"

டிவியில் செந்தில் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். சிரித்தான். காரில் ஏறினான். கார் நகர்ந்து, தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் அக்கா கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கோமதி அக்கா அன்றைக்குத் தன் மகனை வாசலுக்கு வந்து வழியனுப்பினாள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.